இரண்டாவது கியரில் இறங்கிய புளி

எங்கள் ஊர்க்காரர்கள் லாரியைக் காதால்தான் பார்ப்பார்கள். புதூர்நாட்டுக்கும் மேலே, மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் எங்களுடையது. கீழிருந்து வளைந்து வளைந்து வரும் பாதை கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் ஏறி வரும். சாமைக் கொல்லையில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டே, "மண்டிக்காரர் வண்டி, காலியாத்தான் வருது" என்பார்கள். சொன்னது தப்பாது. ஏறும்போது லாரி கத்தும், இறங்கும்போது கம்மென்று இறங்கும். அவர்களுக்குத் தெரிந்த லாரி அதுதான்.

நான் வாங்கிய லாரி அந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டது. என்னைவிடச் சில வயதே இளைய ஆறு சக்கர வண்டி. எனக்கு முன்னால் எத்தனை பேர் கைமாறியதோ, ஸ்டியரிங்கில் பெயின்ட் போய் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் வழுவழுப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, திருப்பத்தூரில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை செய்தேன். அங்கே மலைப் பாதை வண்டிகளின் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் பிரேக் லைனிங் கருகிப் போயிருக்கும். எப்படிக் கருகுகிறது என்பது யாருக்கும் ரகசியமில்லை. இறக்கம் வந்ததும் டிரைவர்கள் வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். டீசல் மிச்சம். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் வண்டியைப் பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்துப் பிடிப்பார்கள். பிரேக் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும்.

ஹெவி லைசன்ஸ் எடுத்து சொந்த வண்டி வாங்கியபோது நான் எடுத்த முடிவு ஒன்றுதான். என் வண்டி கியரில்தான் இறங்கும். இரண்டாவது கியரில் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கத்தும். மலை முழுக்கக் கேட்கும்படி கத்தும்.

முதல் மாதத்திலேயே ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிரேக் இல்லாத வண்டியை வாங்கிவிட்டாள், அதனால்தான் கியரைப் போட்டுப் பிடித்து இறக்குகிறாள். பிரேக்கைக் காப்பாற்றுகிற சத்தத்தைப் பிரேக் இல்லாத சத்தம் என்று நினைத்துவிட்டார்கள்.

புளி உலுக்கும் காலம் வந்தது. ஊர்ப் புளி எல்லாம் வருடா வருடம் மண்டிக்காரர் லாரியில்தான் இறங்கும். இந்த வருடம் அது எனக்கு வேண்டும். புளி லோடு கிடைத்தால் வண்டி ஓடும். கிடைக்காவிட்டால் மழைக்காலத்துக்குள் வண்டியை விற்றுவிட்டுப் பட்டறைக்கே திரும்ப வேண்டியதுதான். இதை யாரிடமும் சொல்லவில்லை என்றாலும் எல்லோருக்கும் தெரியும்.

ஊர்க்கவுண்டர் வீட்டுக் களத்தில் புளி காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்து கொட்டை தட்டிக்கொண்டிருந்தார்கள். யார் வண்டிக்கு லோடு என்று பேச அங்கேதான் கூடினோம். மண்டிக்காரர் லாரியின் டிரைவரும் வந்து, பெரிய மனுஷன் போல ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா," என்றார் கவுண்டர். "உன் வண்டி ஏறும்போதும் அழுவுது, எறங்கும்போதும் அழுவுது."

"அழுவல மாமா. ரெண்டாவது கியர்ல எறக்கறேன். எஞ்சினே புடிச்சிக்கும்."

"பிரேக்கு இருக்கறவன் எதுக்கு எஞ்சின புடிக்கச் சொல்றான்?"

களமே சிரித்தது. டிரைவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "எறக்கத்துல டீசல் எரிக்கறத இப்பதான் பாக்கறேன் தங்கச்சி. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார்.

"நியூட்ரல்ல உட்டா வண்டி உங்கள ஓட்டும்ணா. நான் வண்டிய ஓட்டறேன்."

கொட்டை தட்டிக்கொண்டிருந்த இரண்டு சுத்தியல்கள் நின்றன. கவுண்டர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"செரி, ஒண்ணு செய். நாளைக்கு ஒரே ஒரு தரம் சத்தமில்லாம எறக்கிக் காட்டு. ஊர்ப் புளி மொத்தமும் உன் வண்டியில ஏறும். நான் சொன்னா சொன்னதுதான்."

அப்பா என் அருகில் வந்து மெல்லிய குரலில், "ஒரு தரந்தானே, எறக்கிட்டுப் போயேன்," என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் கேட்டு நின்றதே அந்தப் புளியைத்தான். காலி வண்டியை ஒரு தரம் நியூட்ரலில் இறக்கினால் ஒன்றும் ஆகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தரம் இறக்கிவிட்டால், அதன்பிறகு நான் கத்தவிட்டு இறக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சத்தமில்லாத வண்டிதான் நல்ல வண்டி என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"மாட்டேன் மாமா," என்றேன்.

"இன்னாது?"

"சத்தத்தோடதான் எறக்குவேன். இஷ்டம் இருந்தா ஏத்துங்க."

"அப்ப மண்டிக்காரர் வண்டிக்கே ஏத்துங்கப்பா," என்று அவர் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் புளிக் கோது ஒட்டிய கையை உதறிக்கொண்டு சின்னம்மா எழுந்தாள். அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா போனபிறகு மரங்களை அவள்தான் பார்க்கிறாள். என்னிடம் அவளுக்குத் தனிப் பிரியம் எல்லாம் கிடையாது. நான் பேன்ட் போட்டதற்கே இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள்.

"பிரேக்கு இல்லாத வண்டியில இவ எதுக்கு ஏறி உக்காரப் போறா? இவ உசுரு இன்னா ஓசியா?" என்றாள். "என் புளிய ஏத்துடி. நானும் வர்றேன். செத்தா புளியோட சாவறேன், உனக்கு உட்டுட்டுப் போவ மாட்டேன்."

மறுநாள் காலையில் சின்னம்மாவின் மூட்டைகள் மட்டும் வண்டியில் பின்பக்கம் கொஞ்சமாகக் கிடந்தன. அவள் கேபினில் ஏறி, காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்து, எதிரே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்தேன். எஞ்சின் கத்த ஆரம்பித்தது. அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. பாதி வழியில் அவள் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். இன்னும் நாலு வளைவு போனதும் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாள்.

நேரான இடத்தில் பின்னால் ஹாரன் கேட்டது. ஒதுங்கி வழிவிட்டேன். மண்டிக்காரர் லாரி ஊர்ப் புளியின் முதல் லோடோடு சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது. அது போனபிறகும் ரப்பர் கருகின மாதிரி ஒரு நாற்றம் கேபினுக்குள் நின்றது.

அடிவாரத்தில் அந்த லாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் குடத்தில் தண்ணீர் எடுத்துச் சக்கரங்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாரு, எப்பிடிக் காலு கழுவறான்," என்றாள் சின்னம்மா. "நீ ஒரு நாளாச்சும் உன் வண்டிக்குக் கழுவியிருக்கியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் சந்தைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். மலை இறங்கி வந்த வண்டிக்கு அந்த ஆள் பக்தியோடு கால் கழுவுகிறார் என்றே இத்தனை வருடமாக நினைத்திருக்கிறார்கள். அதனாலேயே அவர்மேல் ஒரு மரியாதை.

வண்டியை அந்த லாரிக்குப் பின்னால் நிறுத்தினேன். சின்னம்மா இறங்கிப் போனாள். தண்ணீர் பட்டதும் சக்கரத்துக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி அவள் முகத்தில் அடித்தது.

"இன்னாப்பா, வண்டி காலு இப்பிடிக் கொதிக்குது?"

"எறக்கம் இல்லீங்களா. சூடாவும்."

அவள் திரும்பி வந்து என் வண்டிச் சக்கரத்தின் உள்பக்கமாகக் கையை நீட்டினாள். "பாத்து, சுடப்போவுது," என்றேன். நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை.

"இது கொதிக்கலியே. இதுவும் அதே எறக்கத்துலதானே வந்துச்சி?"

டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

மண்டியில் எடை போட்டுவிட்டு ஊர் திரும்பியதும் அவள் நேரே களத்துக்குப் போனாள். நான் கூடப் போகவில்லை, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் அங்கிருந்தே கேட்டது.

"அழுவல, ஒண்ணும் இல்ல. அது ஏசுது. மெதுவா போடி, மெதுவா போடின்னு வழியெல்லாம் ஏசிக்கினே வருது. மாமியாரு மாதிரி. உங்க வண்டி வாய மூடிக்கினு உள்ளுக்குள்ள வேவுது, போய்க் கைய வச்சிப் பாருங்க."

அடுத்த நடைக்கு நாலு வீட்டு மூட்டைகள் வந்தன. அதற்கடுத்த நடைக்குப் படுதாவை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. இப்போது நான் இறங்கும்போது, "ஏசிக்கினு போவுது பாரு," என்கிறார்களாம். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது.

கவுண்டர் புளி மட்டும் கடைசிவரை மண்டிக்காரர் வண்டியில்தான் போனது. போகட்டும். அவர் வீட்டுப் பலா மரங்களில் இந்த வருடம் நல்ல காய்ப்பு, இன்னும் யாரிடமும் வண்டி பேசவில்லை என்று கேள்வி. பேச வந்தால் ஏற்றிக்கொள்வேன். இரண்டாவது கியரில்தான் இறக்குவேன் என்பதை மட்டும் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.