தேயிலை நிறக் கண்மாய்

2006 ஜனவரி. காலை ஆறரைக்கு மதுரையில் ஏறிய பேருந்து எட்டு மணிக்கு விருதுநகரில் இறக்கிவிட்டது. மிளகாய் மண்டிகளின் நெடியில் தும்மியபடியே சிவகாசி டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய்க்குச் சீட்டெடுத்தேன். ஆமத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கண்மாய்த் தண்ணீர் கடுந்தேயிலை நிறமாகிவிட்டதாம், ஆடுகளும் செத்தனவாம். கல்லூரியில் வேதியியல் நடத்தும் என்னை அழைத்தவர், என் மாணவியின் சித்தி முத்துமாரி.

பட்டாசுக் கம்பெனியில் திரி சுற்றும் அவர் கரையிலேயே நின்றிருந்தார்.

“வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா? கம்பெனிக்காரன் சாயத்தக் கலந்துட்டான்னு ஊரே வேலைக்குப் போகாம நிக்குது. எம்புட்டு நாளைக்கு அடுப்பு பட்டினி கிடக்கும்? நெசத்தச் சொல்லிருங்க.”

தண்ணீருக்குள்ளேயே சீமைக்கருவேலங்காடு நின்றது. நிறம் அதன் இலையும் நெற்றும் ஊறி வந்ததுதான் என்று எனக்குப் பட்டது. பட்டால் போதாது, காட்ட வேண்டும்.

அவர் வீட்டு மொட்டை மாடியில் புட்டிகளை வைத்தேன். கண்மாய்த் தண்ணீர் ஒன்று வெயிலில். இன்னொன்று கறுப்புத் துணி சுற்றி. கிணற்றுத் தண்ணீரில் நானே சீமைக்கருவேல இலையும் நெற்றும் ஊறவைத்து வடித்தது, அதேபோல் இரண்டு. அன்றிரவு அங்கேயே தங்கினேன். நாலு நாள் அப்படித் தங்க நேர்ந்தது.

கரைந்திருக்கும் இலைச்சாறு வெயிலை உறிஞ்சிச் சிறு துண்டுகளாக உடைகிறது. நிறம் போய்விடும், மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். சாயமும் வெயிலில் வெளுக்கும் என்பதால்தான் இலைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தேன். நாலாம் நாள், வெயிலில் இருந்த இரண்டும் ஒன்றுபோல வெளிறியிருந்தன. துணிக்குள் இருந்தவை நிறம் மாறவில்லை.

ஊர் கூடியது. கம்பெனி மேற்பார்வையாளரும் காரில் வந்து இறங்கினார்.

“அப்ப தண்ணி நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க மேடம்.”

“நிறம் இலையோடது. அதுக்கு மேல நான் சொல்லமாட்டேன்” என்றேன்.

முத்துமாரி குறுக்கிட்டார். “பெறகு ஆடு எதுக்குச் செத்துச்சு?”

“எந்த இடத்துல தண்ணி குடிச்சுச்சு?” என்று கேட்டேன்.

“அங்கன, மரமில்லாத மூலையில. அங்கன தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும்ல.”

அந்த மூலையில்தான் கம்பெனி கழுவுநீர் வாய்க்கால் வந்து விழுந்தது. மேற்பார்வையாளர் காரில் ஏறினார். நான் அங்கே ஒரு புட்டி மொண்டுகொண்டேன். முடிவு தெரியும்வரை ஆடுகளை அந்தப் பக்கம் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

ஆய்வகத்தில் பார்த்தபோது அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் பட்டாசு மருந்தில் சேர்க்கும் வெடியுப்பு மிகுந்திருந்தது. ஆட்டைக் கொல்லும் அளவு. தேயிலை நிறத் தண்ணீரில் பேருக்குத்தான் இருந்தது. சேதி போனதும் ஊரார் திரண்டுபோய் வாய்க்காலை அடைக்கவைத்தார்கள். மறுநாள் வேலைக்கும் போனார்கள். “அம்புட்டுப் பேரும் கறுப்புத் தண்ணியத்தான டீச்சர் வைஞ்சோம்” என்று முத்துமாரி போனில் சிரித்தார்.

மதுரையில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாக வந்தாலே பக்கத்து வீட்டார் ஓடிவந்து என் கதவைத் தட்டுவார்கள். தெளிவாக வரும் நாளில் ஒருவரும் தட்டுவதில்லை.