சலூன்காரன் தலையில் புழுவெட்டு

சலூன் நடத்துகிறவனுக்கு அவனுடைய தலைதான் விளம்பரப் பலகை. முரசுமோட்டையில் கடை வைத்திருக்கும் என் பலகையில், ஐம்பத்துநாலாவது வயதில், குற்றிக்காசு அளவில் ஓர் ஓட்டை விழுந்தது. புழுவெட்டு. இதே வெட்டு விழுந்த அன்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: நோயாளி ஒருவன், வைத்தியர்கள் ஊர் முழுக்க.

வெங்காயம்

சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்த்தால் புழு செத்துப்போகும் என்று கதிரையில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். காலையில் கடை திறக்க முன்னர் தேய்த்தேன். தோல் எரிந்தது, கண் கலங்கியது, மயிர் வரவில்லை. கடை முழுக்க மணம்தான் வந்தது. முகம் வழிக்க வந்த தபாற்காரர் கண்ணை மூடியபடி கேட்டார்: "அண்ணை, தாடி வழிக்கிறியளோ, வெங்காயச் சம்பல் இடிக்கிறியளோ?"

ஊசி

இரண்டாவது ஓட்டையும் விழுந்த பிறகு கிளிநொச்சியில் தோல் கிளினிக்குக்குப் போனேன். புழுவே இல்லை என்றார் டொக்டர். உடம்பின் காவல்படை ஆள் மாறி மயிர்வேரைத் தாக்குகிறதாம், இன்னொருவருக்குத் தொற்றாதாம். பூசுவதற்குக் கிறீம் இருக்கிறது, வெட்டு விழுந்த இடத்திலேயே போடும் ஊசி இருக்கிறது, சிலருக்குத் தானாகவும் முளைக்கும், முளைத்தது திரும்பக் கொட்டவும் கூடும் என்றார். எதற்கும் உத்தரவாதம் தரவில்லை.

ஊசி என்றேன். ஒரு குத்து என்று நினைத்தேன். சின்னச் சின்னதாகப் பல குத்து. நான் கட்டிலைப் பிடித்த பிடியைப் பார்த்து, என்ன தொழில் என்று தாதி கேட்டார். சொன்னேன். "ஆக்களின்ரை தொண்டையிலை கத்தி வைக்கிற நீங்களோ ஐயா, இந்த ஊசிக்கு இப்பிடி நடுங்கிறியள்?"

கத்தி

உண்மையான வருத்தம் பிறகுதான் தொடங்கியது. என் கத்தியால் புழுவெட்டு பரவுகிறது என்று ஊரில் கதை. ஆளுக்கொரு புது பிளேட்டை அவர்கள் கண்முன்னேயே போட்டேன். கதை நிற்கவில்லை. வாடிக்கையாளர் பலர் திடீரென்று கோயில் நேர்த்திக்கடன் என்று தாடி வளர்த்தார்கள். கடை படுத்தால் இந்த வயதில் வேறென்ன தொழில் பழகுவேன் என்று வெறும் கதிரையைச் சுற்றிச் சுற்றி யோசித்தேன். டொக்டர் சொன்னதை நம்புகிறேனா, நம்பவேண்டியிருப்பதால் நம்புகிறேனா என்றும் யோசித்தேன். என் தாடியை வழித்த கத்தியை நானே இரண்டு தரம் கழுவினால் ஊரை எப்படிக் குறை சொல்வது?

பழைய வாடிக்கையாளரான ஒரு வயற்காரரை, சைக்கிளில் போனவரை மறித்து, எல்லாம் விளங்கப்படுத்தினேன். ஒரு காலை ஊன்றி நின்று முழுக்கக் கேட்டார். "ஆள் மாறிச் சுடுறது சண்டை பாத்த எங்களுக்கு விளங்கும், அண்ணை. வீட்டிலை மனிசிக்குத்தான் விளங்காது."

ரீச்சர்

தன் தலையில் ஊசி போட்டுக்கொண்ட சலூன்காரன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறி ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வந்தார். ஆண்கள் சலூன் என்று வாசலில் தயங்கினார். பிறகு உள்ளே வந்து தலையில் சுற்றியிருந்த துணியை விலக்கினார். என்னுடையதைவிடப் பெரிய வெட்டுகள். வலிக்குமா, முளைக்குமா என்று கேட்டார். வலிக்கும் என்றேன். மற்றக் கேள்விக்குக் குனிந்து என் தலையைக் காட்டினேன்: ஓர் ஓட்டையில் வெள்ளைப் பூனைமயிர், மற்றதில் ஒன்றுமில்லை. கனநேரம் பார்த்தார். "வரேக்கை பயமாயிருந்தது. உங்கடை தலையைப் பாத்தோடன பயம் போயிட்டுது. நம்பிக்கையும் கொஞ்சம் போயிட்டுது."

அவர் போய்த் தன்னைப்போன்றவர்களிடம் சொல்லியிருக்கவேண்டும். இப்போது என் கடைக் கதிரைகள் வெறுமையாக இருப்பதில்லை, வெட்டுவதற்குத்தான் ஒருவர் தலையிலும் போதிய மயிர் இல்லை.