நார்வேக்காரியின் முழங்கால்

நாற்பதாம் வருஷம் மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, அப்பா ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். மாதுங்காவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அந்தப் பெண்ணின் கணவர் நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் அதிகாரி. அவள் அவரோடு பயணம் வந்திருந்தாள். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது அவர்கள் நாட்டை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டார்கள். திரும்பிப் போக ஊர் இல்லை. கப்பலைப் பிரிட்டிஷ் தரப்புச் சண்டை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், அதில் பெண்களுக்கு இடமில்லை. எங்கள் வீட்டின் பின்னறை காலியாக இருந்தது.

மீனும் மாமிசமும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது ஒன்றுதான் அம்மா போட்ட நிபந்தனை. அவள் சம்மதித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைப் பக்கம் போய் மீன் சாப்பிட்டுவிட்டு வருவாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். கேட்டதில்லை. மற்ற நாளெல்லாம் மோர்சாதமும் ஊறுகாயும்தான்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், எனக்குப் பதினேழு. விடிந்ததும் அவள் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குவாள். பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தவள்போல் தொடை நடுங்கும்வரை அப்படியே நிற்பாள். இரண்டாம் மாடிக்காரர்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் புகார் சொன்னார்கள். அப்பா கேட்டபோதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவள் பனிச்சறுக்குப் பந்தயக்காரி.

எங்களில் யாரும் பனியைப் பார்த்ததில்லை. காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு மலையுச்சியிலிருந்து இறங்குவது ஒரு பந்தயம். வழியில் கம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவது இன்னொன்று. அதற்கு ஸ்லாலம் என்று பெயர், அது தங்கள் பாஷைச் சொல் என்று பெருமையாகச் சொன்னாள். பதினாறு வயதில் தன் பள்ளத்தாக்கில் எல்லாரையும் ஜெயித்தாள். பத்தொன்பதில் தேசத்திலேயே முதலாவதாக வந்தாள். அடுத்த வருஷம் வெளிநாட்டுக்குப் பெரிய பந்தயம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்றாவது வளைவிலேயே விழுந்தாள். எழுந்து ஓடி முடித்தும் கடைசி. ஊர் திரும்பியதும் இனி விழமாட்டேன் என்று தன் அப்பாவிடம் சொன்னாளாம். அடுத்து ஒலிம்பிக்குக்குப் போவதாக இருந்தது. சண்டை வந்து அதுவும் நின்றுபோனது.

எல்லாவற்றையும் கேட்ட அம்மா, "வாசலெல்லாம் பனின்னா கோலம் எங்கடி போடுவா?" என்று என்னிடம் கேட்டாள். நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பு அடுத்த பில்டிங்வரை கேட்டிருக்கும். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவள் அந்நியமாக இல்லை.

சண்டை முடிந்ததும் மறுபடி பந்தயம் நடக்கும், அதுவரை கால் மறக்கக்கூடாது என்பாள். ஒரு மழைக்கால ஞாயிறு எங்களையும் கூட்டிக்கொண்டு போனாள். குர்லாவில் வண்டி மாறிச் செம்பூரில் இறங்கி, சேற்றில் வெகுதூரம் நடந்தோம். புல் முளைத்த குன்று ஒன்றின் சரிவில் மூங்கில் குச்சிகளை நட்டாள். அப்பா குடையோடு அடிவாரத்தில் நின்றார். அவள் மேலிருந்து இறங்கினாள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. குச்சிக்குக் குச்சி உடம்பு சாய்ந்தது, முழங்கால் மடங்கியது, நிமிர்ந்தது. ஈரப் புல்லில் நாங்கள் நடக்கவே தடுமாறிய இடம் அது. அப்பா குடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். அவர் எதற்காகவும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

பிறகு அப்பாவின் ஆபீசிலேயே அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. காலையில் இருவரும் ஒன்றாக வண்டி பிடிப்பார்கள். என்னைப் பார்த்து அவளும் அவரை அப்பா என்றே கூப்பிடத் தொடங்கினாள். கணவர் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து, சில நாள் தங்கிவிட்டுப் போவார்.

நாற்பத்து நாலு ஏப்ரலில் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் ஒன்று வெடித்தது. மாதுங்காவிலேயே ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. சற்று நேரம் கழித்து இரண்டாவது தடவை. தெற்கே வானம் கறுத்து நின்றது. நானும் அம்மாவும் பால்கனியில் நின்றபடியே இருந்தோம். அப்பாவும் அவளும் வரவில்லை.

மறுநாள்தான் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தோம். நடந்ததை அப்பா சொன்னார். முதல் வெடியில் ஆபீஸின் இரும்பு பீரோ அவர்மேல் சாய்ந்து இடுப்பை நசுக்கிவிட்டது. புகையில் எல்லாரும் படியை நோக்கி ஓடினார்கள். அவளும் ஓடியவள்தான், அப்பா இல்லை என்று தெரிந்ததும் திரும்பி ஏறி வந்திருக்கிறாள். பீரோவைத் தோளால் நெம்பித் தள்ளி, அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். தெருவில் கொஞ்ச தூரம்கூடப் போயிருந்தாள். அப்போதுதான் இரண்டாவது வெடி. ஒரு வாசற்படியோரமாக அவரைத் தள்ளி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். மேலிருந்து பெயர்ந்த கல் அவள் வலது முழங்காலில் விழுந்தது.

அப்பா சில வாரங்களில் எழுந்து நடந்தார். அவள் காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் முழங்கால் மடங்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று நான் கூட இருந்தேன். எப்போது மடங்கும் என்று டாக்டரிடம் கேட்டாள். நடக்க முடிகிறதே, அதற்கு சந்தோஷப்படு என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அவள் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து மடக்கப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு என் புடவைத் தலைப்பை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்து, பிரசவத்துக்கு வந்த மகளைப் போல அம்மா பார்த்துக்கொண்டாள். எண்ணெய் தடவினாள், தலைக்கு ஊற்றினாள். கணவர் வந்து, காலைப் பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாடி ஏறுவதற்கு அவளுக்கு வெகுநேரம் ஆகும். ஒரு காலை வைப்பாள், மற்றதை இழுப்பாள், கைப்பிடியில் ஊன்றுகோல் தட்டும். கீழே அந்தச் சத்தம் தொடங்கியதுமே அப்பா எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் வெளியே வருவார். அவளோடு முன்போல அவரால் பேச முடியவில்லை. காபி ஆறிவிடும், குடி என்பார்.

சண்டை முடிந்து அவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். கால் நன்றாக இருந்திருந்தாலும் தான் இனி ஜெயித்திருக்க முடியாது என்றாள். இத்தனை குளிர்காலம் பனியில் காலே வைக்கவில்லை, ஊரில் சின்னப் பெண்கள் வளர்ந்திருப்பார்கள், படியேறி இறங்கியெல்லாம் யாரும் பந்தயக்காரி ஆகிவிட முடியாது. இவ்வளவையும் இங்கிலீஷில் சொன்னவள் கடைசியில் தமிழில் சொன்னாள்:

"சண்டை எடுத்தது. அப்பா எடுக்கலை. நீ அவர்கிட்ட சொல்லணும்."

அன்றே சொன்னேன். அப்பா வேட்டி மடித்துக்கொண்டிருந்தார்.

"அவ நல்ல மனசுக்குச் சொல்றா," என்றார். "தினம் விடியறச்சே நம்ம படியில அவ ஏறினது எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது நிஜமா, அவருக்காகச் சொன்னதா என்று இன்றுவரை நான் முடிவுக்கு வரவில்லை.

மறுநாள் அம்மாவும் நானும் துறைமுகம்வரை போனோம். அப்பா வரவில்லை. கிளம்பும்போது அவள் அவர் அறை வாசலில் நின்று, எங்களைப் பார்த்துப் பழகியதுபோல் நமஸ்காரம் பண்ணப் பார்த்தாள். மடங்காத காலோடு எப்படிக் குனிவது? சுவரைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றாள். அப்பா ஓடிவந்து இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தினார். "வேண்டாம்மா, வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்குப் போய் இரண்டு கடிதம் போட்டாள். கடற்கரை ஊர் ஒன்றில் குடியிருப்பதாகவும், கணவர் கரையிலேயே வேலை தேடிக்கொண்டதாகவும் எழுதியிருந்தாள். மலைப்பக்கம் போனதாக எதிலும் இல்லை. அப்புறம் கடிதம் வரவில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷத் தொடக்கத்தில், சண்டைக்குப் பிறகு முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பேப்பரில் ஒரு மூலையில் சில வரிகள் போட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையிலிருந்து இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

"அவளுக்கு இப்போ என்ன வயசிருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

"முப்பதிருக்கும்ப்பா."

"முப்பது ஒரு வயசா?" என்றார். பேப்பரை நாற்காலியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிட எழுந்து போனார். அன்று மோர்சாதத்தைப் பிசைந்தபடி இருந்தாரே தவிர, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.