குலுக்கலில் தவறாத அதிர்ஷ்டசாலி

பல்செட்காரருக்கு வாழ்க்கையில் எந்தக் குலுக்கலிலும் ஒரு சோப்பு டப்பாகூட விழுந்ததில்லை. விமான நிலையச் சோதனையில் மட்டும் பதினோரு பயணத்தில் பதினோரு தடவையும் அவருக்கே விழுந்தது. "சும்மா குலுக்கல் முறைதான் சார், யாரை வேணும்னாலும் கூப்பிடுவோம்" என்பார்கள், அவருடைய பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்துக்கொண்டே. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று சொல்லி வைத்த புண்ணியவானிடம் இவர் பிறந்த நாட்டு பாஸ்போர்ட் இருந்திருக்காது.

பிழைக்க வந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக ஒரே பட்டறையில் பல்செட் செய்கிறார். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவரைத் தனியே கூப்பிட்டு நிறுத்திய அதிகாரிகளிலும் இரண்டொருவர் இருக்கலாம். பல்லுக்குள் பெயரா எழுதியிருக்கிறது?

இந்தத் தடவை அக்காவின் பல். அக்கா கடல் தாண்டி வேறொரு நாட்டில் இருக்கிறாள். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள். மேலும் கீழும் பல் எல்லாவற்றையும் எடுத்த பிறகு பத்து மாதமாக வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசினாள். போன தடவை போனபோது அச்சு எடுத்து வந்திருந்தார். இப்போது அவள் மகளுக்குக் கல்யாணம்.

"பொக்கை வாயோட போட்டோல நிக்க மாட்டேன்டா. நீ பல்லைக் கொண்டு வா, அப்புறம் பாரு என் சிரிப்பை" என்றாள் போனில்.

அவர் சூடு கண்ட பூனை. முன்பொரு தடவை அச்சுக்குள் ஏதோ ஒளித்திருப்பதாகச் சந்தேகப்பட்டு உடைத்தே பார்த்துவிட்டார்கள். அதனால் அக்காவின் பல்லைப் பட்டறை முதலாளியம்மாவிடம் கொடுத்தார். அவரும் அக்காவுக்குப் பழக்கம். கல்யாணத்துக்கு அதே விமானத்தில் வருகிறார். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர், பாஸ்போர்ட்டும் அந்த ஊர்தான்.

தன் பெட்டியைப் பல்செட்காரர் பரீட்சைக்குப் போவதுபோல் தயார் செய்தார். சட்டை ஒரு கண்ணாடிப் பையில், மருந்து ஒரு பையில், ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதன் பட்டியல். கல்யாணப் பத்திரிகை, பட்டறைக் கடிதம், வரி கட்டிய ரசீது எல்லாம் ஒரு கோப்பில். பெல்ட்டே இல்லாத பேன்ட். நாலு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார்.

முதலாளியம்மா பக்கத்து வரிசையில் நின்றார். அவர் கைப்பையைத் திறந்தால் அக்காவின் பல், பல்செட்டுக்கான வெள்ளைப் பொடி ஒரு டப்பா, அவரே மறந்துபோன மெழுகு செதுக்கும் கத்தி ஒன்று.

"ஐயோ, இது எப்படி வந்துச்சு!" என்றார் முதலாளியம்மா.

"பரவாயில்லை மேடம், எல்லாருக்கும் வர்ற மறதிதானே" என்று சிரித்துக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

பல்செட்காரரின் பெட்டியில் கத்தி இல்லை, பொடி இல்லை. அதுதான் இடித்தது.

"இவ்வளவு சுத்தமா யாரு சார் பெட்டி அடுக்குவா?" என்றார் மீசை அதிகாரி.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான் சார்."

"நாங்க பார்ப்போம்னு முன்னாடியே எப்படித் தெரியும்?"

பதினோரு தடவை பார்த்தீர்களே என்று வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். முதலாளியம்மா திரும்பி வந்து, "இவர் என்கிட்ட வேலை பார்க்கிறவர்" என்றார்.

"நீங்க போங்க மேடம், விமானம் போயிடும்" என்றார்கள் அன்பாக. அந்த அன்பில் பாதியை இவருக்குக் கொடுத்திருந்தால் இவரும் போயிருப்பார்.

சின்ன அறையில் வைத்துக் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படித்தார்கள். பயணத்தின் நோக்கம் என்ன என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். மூன்று பேரிடமும் கல்யாணம் என்றார். விமானம் கிளம்பிய பிறகு, "எல்லாம் சரியா இருக்கு, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று கை கொடுத்தார் மீசை அதிகாரி. மறுநாள் காலையில்தான் அடுத்த விமானம். கல்யாணமோ அன்றைக்கே சாயங்காலம். பல்செட்காரர் வீட்டுக்குத் திரும்பி, பெட்டியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்து அழுதார்.

சாயங்காலம் முதலாளியம்மா போட்டோ அனுப்பினார். எல்லாரும் வாய்கொள்ளாமல் சிரிக்க, நடுவில் அக்கா மட்டும் உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"என்னக்கா, கீழ்ப்பல் குத்துதா?"

"கனகச்சிதமா இருக்குடா. மேடமே மாட்டிவிட்டாங்க."

"அப்புறம் ஏன் சிரிக்கலை?"

"பல்லு வந்துச்சு, பல்லு செஞ்சவன் வரலையே. நீ வா, சிரிக்கிறேன்."

மறுநாள் காலையில் அதே வரிசை. பதிமூன்றாவது தடவை. யாரும் கூப்பிடும் முன்பே பல்செட்காரர் விலகிப்போய், தனிச்சோதனை மேஜையில் பெட்டியைத் திறந்து வைத்தார். மீசை அதிகாரி கோப்பைப் பிரித்துக் கல்யாணப் பத்திரிகையில் விரல் வைத்தார்.

"கல்யாணம் நேத்தே முடிஞ்சிருச்சே சார். இப்ப எதுக்குப் போறீங்க?"

"எங்க அக்கா சிரிக்கணும்" என்றார் பல்செட்காரர். "எழுதிக்கோங்க."