கும்பிடு விழாத பக்கம்

எலப்புள்ளிக்கார டிரைவர் சுவக்கீன் காரில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று தட்டி, கையில் எடுத்துக்கொள்வார். பிறகு வலப்பக்கக் கதவைத் திறப்பார். அங்கே ஸ்டியரிங் இருக்காது. அந்த வெறும் இடத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், முன்பக்கமாகச் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறிக்கொள்வார்.

கார் பண்ணையார் குப்பண்ணனுடையது. கோயமுத்தூர்ப் பணக்காரர்கள் எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கார் இருப்பதைக் கண்டு அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. கொச்சி ஏஜெண்டிடம் போய், இந்த நாட்டிலேயே விற்காத வண்டி வேண்டும் என்றார். பிரெஞ்சு தேசத்தில் மட்டும் ஓடுகிற ஒன்றை ஏஜெண்ட் படத்தில் காட்டினார். பச்சை நிறம், நீள மூக்கு. ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. 1927 மாசியில் கப்பலில் வந்து இறங்கியது.

பழைய காரில் குப்பண்ணன் எப்போதும் முன்சீட்டில், ரோட்டோரமான இடப்பக்கத்தில், கதவின்மேல் கை போட்டு உட்காருவார். வரப்பில் நிற்பவர்கள் கும்பிடுவார்கள். விரலை அசைத்து வாங்கிக்கொள்வார். கார் வைத்திருந்ததே அதற்குத்தான். இப்போது அந்த இடத்தில் சுவக்கீன். கும்பிடெல்லாம் அவர்மேல் விழுந்தது. குப்பண்ணனுக்குக் கிடைத்தது எதிரே வரும் வண்டிகளின் புழுதி.

"ஏன்டா, உன்னையா கும்புடறாங்க?"

"என்னைய எதுக்குங்க பண்ணாடி? ஸ்டியரிங்கைக் கும்புடறாங்களாட்ட இருக்குதுங்க."

"ஆடி நோம்பிக்குள்ள கும்புடு எம்பக்கம் வரோணும். இல்லீன்னா நீ மறுக்காவும் மாடு ஓட்டப் போயிரு."

முதலில், ஆள் டிரைவர்தான் என்று தெரியட்டுமென, சுவக்கீனின் தலைப்பாகையும் சட்டையும் பறிபோயின. வெறும் மேலோடு ஓட்டினார். கும்பிடு குறையவில்லை. ஆடிப் பண்டிகை நெருங்க, வேலை போய்விடும் என்ற பயத்தில், ஒரு நாள் ரோட்டின் வலது ஓரத்தில் ஓட்டினார். இப்போது குப்பண்ணன் வரப்புப் பக்கம். முதல் கும்பிடு சரியாக வந்து விழுந்தது. அவர் விரலை அசைக்கக் கையைத் தூக்கியபோது, தன் வழியில் நியாயமாக எதிரே வந்த வைக்கோல் வண்டிக்கு ஒதுங்கி, கார் நாற்றங்காலில் இறங்கிவிட்டது.

நாற்றுப் பிடுங்கிய பெண்கள் ஓடிவந்தார்கள். சுப்பாத்தாள் முதலில் சுவக்கீனைக் கும்பிட்டாள். பிறகுதான் காரிலிருந்து சேற்றில் விழுந்து கிடந்த பண்ணையாரைத் தூக்கினார்கள்.

"நாளைக்கிருந்து வராதே" என்றார் குப்பண்ணன், வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு.

வேறு டிரைவர் தேடினார். பாலக்காட்டிலிருந்து வந்தவர்கள் இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரு கை விளங்காமல் போன மாதிரி இருக்கிறதென்று நடந்தே திரும்பினார்கள். கடைசியில் அவரே சுவக்கீன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனப்பா, வண்டி எடுக்கலியா?"

அன்றிலிருந்து பின்சீட்டில் திரை போட்டுக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி போய்வந்தார். சுவக்கீனுக்குச் சட்டை திரும்பக் கிடைத்தது. கும்பிடும் நிலைத்தது.

சின்ன வயதில் இதையெல்லாம் பார்த்திருந்த நான், புழுதியில் ஆள் தெரியாமல் கும்பிட்டிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். இருவரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் சுப்பாத்தாள் சொன்னாள்:

"ஆள் தெரியாதுங்களா எங்களுக்கு? சுவக்கீனைக் கும்புட்டா பண்ணாடி மூஞ்சி போற போக்கைப் பாக்கோணுமே. அதுக்குன்னே வேலையப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடியாருவமுங்க."