நெஞ்சு படபடக்க ஒரு நடை

முதல் தடவை அது வந்தபோது நான் சிங்கப்பூருக்குப் போகும் கடல் பாலத்தின் நடுவில் இருந்தேன். எங்கள் ஊர் தம்போயில் நான் ஏறிய பஸ் சிங்கப்பூர்ப் பக்கம் போகும் வரிசையில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அப்படி நின்றுவிட்டால் டிரைவரைக் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே கடப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். அன்றும் எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு காதுக்குள் அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. சாகப் போகிறேனோ என்ற சந்தேகமெல்லாம் இல்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஜனங்கள் பையை மாட்டிக்கொண்டு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றுமில்லாததற்கா ஒருத்தி இந்தப் பாடு படுவாள்? அதற்குப் பிறகு பஸ்ஸில் வந்தது, பேரங்காடியில் சாமான் எடுத்துக்கொண்டு நிற்கும்போது வந்தது, ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. ஒவ்வொரு தடவையும் ஈசிஜி, ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை. கடைசியில் வேலையை விட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் பல வருஷம் பார்த்த வேலை. அதற்குப் பிறகு தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போக முடியவில்லை.

வீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். என் கணவரின் அப்பா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலை தூக்கிக்கொண்டிருந்தவர், தூக்கிய குலையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து அங்கேயே போய்விட்டார். ஆகவே அந்த வீட்டில் நெஞ்சு வேகமாக அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் கையிலிருந்த துடைப்பத்தை மாமியார் பிடுங்கிக்கொண்டார். துணி காயப்போடுவது கணவர் வேலையாயிற்று. லோரி ஓட்டிவிட்டுக் களைத்து வருகிற மனுஷர், என் சேலையை உதறிக் கொடியில் போடுவார். நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் உட்கார உட்கார உடம்பு இன்னும் கோழையாயிற்று. அறையிலிருந்து குளியலறைக்குப் போனாலே நெஞ்சு எகிறியது. எகிறியதும் பயம். பயந்ததும் இன்னும் எகிறும். வாசல் கேட் எனக்கு வெகு தூரத்தில் இருந்தது.

அரசாங்கக் கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்ன வயசு மலாய்ப் பெண். மலாயில்தான் பேசினோம். அவள்தான் முதலில் அதற்கு ஒரு பேர் சொன்னாள். இதயத்தில் கோளாறு இல்லை, இது பீதி நோய், மருந்து இருக்கிறது, தருகிறேன் என்றாள். பிறகு கேட்டாள்.

"கடைசியா எப்ப வேர்க்க வேர்க்க நடந்தீங்க?"

"நடந்தா நெஞ்சு அடிக்குமே டாக்டர்."

"அடிக்கட்டும். அதுக்காகத்தான் நடக்கச் சொல்றேன். நெஞ்சு அடிச்சாலே சாவுன்னு உங்க உடம்பு கத்துக்கிட்டு இருக்கு. அது பொய்யின்னு வாயால சொன்னா கேக்காது. நீங்களே அடிக்க வச்சு, ஒண்ணும் ஆகலன்னு அதுக்குக் காட்டணும். திரும்பத் திரும்பக் காட்டணும். மாத்திரையையும் நிறுத்திடாதீங்க."

வீட்டில் வந்து சொன்னேன். மாமியார் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் விடியுமுன் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போனவர். மேடும் பள்ளமும் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர். பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுதான் டவுனுக்கே வந்தார்கள். கூலி இல்லாமல் ஒருத்தி வேர்வை சிந்துவது அவருக்குப் புத்தி பேதலித்த காரியமாகத் தெரிந்தது.

"கங்காணி வெரட்டாம ஓடப்போறவ நம்ம குடும்பத்துலயே நீ ஒருத்திதான்மா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கணவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "சரி, நட. நான் பின்னாலேயே மோட்டார்ல வரேன்," என்றார்.

சொன்னபடியே வந்தார். சாயங்காலம் எங்கள் குடியிருப்புத் திடலைச் சுற்றி நான் நடப்பேன். எனக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளை முதல் கியரில் உருட்டிக்கொண்டு அவர் வருவார். கூடையில் தண்ணீர் பாட்டில், மாத்திரை, ஒரு துண்டு. பந்து விளையாடுகிறவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எதிர் வீட்டுச் சீனர், "போலீஸ் எஸ்கோர்ட்டா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார். மானம் போனது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் மூச்சு கொஞ்சம் பலமாகக் கேட்டால் போதும், அவர் மோட்டாரைக் குறுக்கே நிறுத்துவார்.

"போதும்லா. ஏறு."

நான் ஏறிவிடுவேன். வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்ததும் நெஞ்சு அடங்கும். நல்ல வேளை, நிறுத்தினோம் என்று அவர் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் சொன்ன பாடத்தை இருவரும் சேர்ந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தோம். நிறுத்தியதால்தான் பிழைத்தேன் என்று என் உடம்பு ஒவ்வொரு சாயங்காலமும் எழுதி வைத்துக்கொண்டது. மறுநாள் இன்னும் சீக்கிரம் எகிறியது.

இது எனக்குப் புரிய வெகு நாளாயிற்று. புரிந்த அன்று நடுத்தெருவில் அவரிடம் கத்தினேன். "நீங்க தள்ளி நில்லுங்க. விழுந்தா விழுறேன். நீங்க பின்னால வர வரைக்கும் நான் நோயாளிதான்." அவர் இன்ஜினை அணைத்தார். மரத்தடியில் மோட்டாரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நான் வேகமாக நடந்தேன்.

திடலின் மறுகோடியில் அது வந்தது. அதே மாதிரி, காதுக்குள் அடித்தது, விரல்கள் மரத்தன. ஏறிக்கொள்ள மோட்டார் இல்லை. அழுதுகொண்டே நடந்தேன். யாராவது பார்த்தால் புருஷனோடு சண்டை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. வீரம் எல்லாம் இல்லை. நின்றால் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் நடந்தேன், அவ்வளவுதான். மிச்சப் பாதித் திடலையும் சுற்றி முடித்தபோது நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் நான் சாகவில்லை. முதுகெல்லாம் வேர்வை. வேர்வை நாற்றம்கூடப் புதிதாக இருந்தது.

உடனே குணமாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மழைக்காலத்தில் நடை நின்றது, எனக்குள் இருந்த பழைய நோயாளி திரும்ப வந்தாள். பிறகு கூடத்துக்குள்ளேயே நடந்தேன், மாமியார் காலைத் தூக்கி வழிவிட்டார். சில நாள் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து திரும்ப உள்ளே போனேன். எதற்கு இந்தப் பிழைப்பு என்று தோன்றிய நாட்கள் உண்டு. ஆனாலும் நடை மெல்ல ஓட்டமானது. நெஞ்சை நானே வேண்டுமென்று அடிக்க வைத்து, அது தானாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தடியில் கணவர் காத்திருப்பார். பிறகு வீட்டிலேயே காத்திருந்தார்.

போன வருஷம் பழைய தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்தது. சேர்ந்த சில நாளிலேயே பாலத்தில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். இடது பக்கம் விடியாத இருட்டில் கடல் கறுப்பாகக் கிடந்தது. முன்னால் முதுகுகள், பின்னால் அவசரப்படுகிற மூச்சுகள். நின்றால் இடித்துத் தள்ளிவிடுவார்கள். நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. நடையால் அடிக்கிறதா, பயத்தால் அடிக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாமலே சோதனைச்சாவடி வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை நீட்டிய கை நடுங்கியது. அதிகாரி அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் இதை முதலில் என் கணவரிடம் சொல்ல வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன். அவர் லோரியிலிருந்து வந்து உடைகூட மாற்றாமல் பின்கட்டில் நின்றிருந்தார். முழுக்கச் சொன்னேன். பாலம், கூட்டம், சோதனைச்சாவடி எல்லாம். அவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நீ வீட்ல இருந்தப்ப எங்க இருக்கன்னு தெரியும். இப்ப பாலத்துல எந்த இடத்துல இருக்கியோன்னு நெனைக்கிறப்பவே நெஞ்சு படபடன்னு அடிக்குது. இன்னிக்கு ரெண்டு எடத்துல லோரிய ஓரம் கட்டிட்டேன். கையெல்லாம் மரத்துப் போச்சு."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளாத்தான். அம்மாகிட்ட சொல்லாத. ஒக்கார வச்சிருவாங்க."

எனக்குத் தெரியாததா இது? அவர் சொன்ன ஒவ்வொரு அடையாளமும் என் உடம்பில் இருந்து எழுந்து போய் அவரிடம் குடியேறியது போல இருந்தது. வாங்க, திடலைச் சுற்றி நடக்கலாம், அடிக்கட்டும், ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு எத்தனையோ ஈசிஜி எடுத்துப் பார்த்தாகிவிட்டது. அவர் நெஞ்சை இதுவரை யாரும் பார்த்ததில்லை. குலையோடு விழுந்தவரின் மகன். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். அவர்கள் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லட்டும். அதுவரைக்கும்?

அவர் மூச்சு எனக்குக் கேட்டது. கொஞ்சம் பலமாகத்தான் கேட்டது.

"ஒக்காருங்க," என்றேன். தோளைப் பிடித்து நானே அவரை உட்கார வைத்தேன்.