ஆறடி தள்ளி ஒரு குத்துச்சண்டை

குத்துச்சண்டை மேடையில் மூலையில் நிற்பவனுக்கு என்ன வேலை என்று விளக்கிச் சொன்னால் எவனும் பெண் கொடுக்க யோசிப்பான். எனக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் அந்த வேலை வாய்த்தது என்பதால் பிழைத்தேன். மூன்று நிமிடம் சண்டை, ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்துக்குள் ஸ்டூலைப் போட்டு நம் ஆளை உட்கார வைத்து, வாயிலிருந்து பல்லுறையை உருவி, தண்ணீரைப் பீய்ச்சி, அவன் துப்புவதை வாளியில் பிடித்து, புருவம் கிழிந்திருந்தால் பஞ்சை வைத்து அமுக்கி, நாலு வார்த்தை புத்தி சொல்லி இறங்கிவிட வேண்டும். எச்சில், வேர்வை, ரத்தம், மூச்சு எல்லாமே என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். பல வருடம் செய்திருக்கிறேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அப்புறம் கொரோனா வந்தது.

பகலில் எனக்கு ஜங்ஷனில் எலக்ட்ரிக் சாமான் கடை. சாயங்காலம் பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே குத்துச்சண்டை சொல்லிக் கொடுப்பேன். சொல்லிக் கொடுக்கத் தகுதி என்னவென்றால், இளவயதில் நானும் சண்டை போட்டவன். மொத்தம் இரண்டு சண்டை. இரண்டிலும் எதிராளி ரொம்ப நல்லவனாக அமைந்துவிட்டான், சீக்கிரமே முடித்துவிட்டான்.

என்னிடம் உருப்படியாக ஒருவன் வந்து சேர்ந்தான். கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரன், மீன்பிடிக் குடும்பம். பதக்கத்துக்குச் சண்டை போடுகிற வயதைத் தாண்டி, காசுக்குச் சண்டை போடும் தொழில்முறைக்கு வந்துவிட்டவன். அங்கே தலைக்கவசம் கிடையாது, சுற்றுகள் அதிகம், மேடைக்கு வெளியே ஆதரவும் கிடையாது. அந்த வருடம் சென்னையில் அவனுக்கு ஒரு சண்டை ஏற்பாடாகியிருந்தது. ஜெயிப்பவனைத் துபாய்க்குக் கூட்டிப்போய்ச் சண்டை போட வைப்பதாக நடத்துகிறவர் சொல்லியிருந்தார். அவனுக்கோ வயது முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவனுடைய மாமா தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். தோற்றால் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மறுவாரமே அங்கே போய்ச் சேரவேண்டும் என்பது வீட்டில் பேச்சு. அவனும் சரி என்றிருந்தான். ஆக, சென்னையில் ஜெயித்தால் குத்துச்சண்டை, தோற்றால் துறைமுகம்.

ஊரடங்கு அறிவித்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். நாங்குநேரியில் போலீஸ்காரர் மறித்து எங்கே என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு என்றிருக்கிறான். என்ன தொழில் என்றிருக்கிறார். குத்துச்சண்டை என்றிருக்கிறான். அவர் லத்தியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியிருக்கிறார். திரும்பி வந்துவிட்டான். அன்றிலிருந்து என் மொட்டை மாடிக் கொட்டகைதான் அவன் வீடு.

அவன் மேலே இருந்தது எனக்குச் சந்தோஷம். கீழே வந்துவிடுவானோ என்பதுதான் பயம். அந்த நாட்களில் நான் இருந்த இருப்பை என் மனைவி இன்றும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறாள். காலையில் எழுந்ததும் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். வாசனை வந்தால் காபி, வராவிட்டால் ஆஸ்பத்திரி என்று ஏற்பாடு. ஒருநாள் வாசனையே வரவில்லை. குளித்து, நல்ல வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்போதுதான் இவள் வந்து டப்பாவை வாங்கிப் பார்த்தாள். பெருங்காயம் தீர்ந்து முந்தின நாள்தான் டப்பாவைக் கழுவி வைத்திருந்தாளாம். தக்காளியைத் துணி சோப்புத் தூளில் ஊறப்போட்டுக் கழுவியதும் நான்தான். அன்றைய ரசம் நுரைத்தது. ரசம் நுரைத்தால்தான் ருசி என்று சொல்லி நானே குடித்தேன்.

உள்ளூர்ப் பையன்கள் யாரும் பயிற்சிக்கு வரவில்லை. போனில் பேசும் மற்ற சண்டைக்காரர்களும் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். ஒருவன் லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்றான். ஒருவன் காய்ச்சல் முகாம் வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்தினான். மேடையில் வாங்கியதைவிட அங்கேதான் அதிகம் அடி வாங்கினானாம். சண்டை நடத்துகிறவர் ஒவ்வொரு மாதமும் போன் செய்து அடுத்த மாதம் என்றார். அவர் குரலில் மாதாமாதம் நம்பிக்கை கூடிக்கொண்டே போனதுதான் கவலையாக இருந்தது.

இவனுக்குப் பயிற்சி வேண்டும். பையைக் குத்திக்கொண்டிருந்தால் போதாது. பை திருப்பி அடிக்காது, நகராது. எதிரே ஒரு ஆள் இரண்டு உள்ளங்கையிலும் தோல் மெத்தையை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதைப் பேட் பிடிப்பது என்போம். பேட் பிடிப்பவன் மூக்குக்கு நேரே அவன் மூச்சு வரும். ஒவ்வொரு குத்துக்கும் 'உஷ்' என்று காற்றை வெளியே விடுவது அவர்கள் பழக்கம். அந்த 'உஷ்' எத்தனை அடி தூரம் பறக்கும் என்று நான் போனில் படித்து வைத்திருந்தேன்.

மாடிப்படியின் கடைசிப் படியில் நின்று யோசித்தேன். பிறகு கீழே போய் எங்கள் ஒட்டடைக் கம்பையும், பக்கத்து வீட்டு ஒட்டடைக் கம்பையும் கொண்டுவந்து, முனைக்கு ஒன்றாகப் பேட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கம்பின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவன். இடையில் அரசாங்கம் சொன்ன ஆறடி.

அவன் ஒரு கம்பை ஆட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது சரியா வருமா?"

"ஏலே, வெளிநாட்டுல இப்படித்தான் செய்யுதாங்க" என்றேன். எந்த நாடு என்று அவன் கேட்கவில்லை. கேட்காததற்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறேன்.

சரியாகத்தான் வந்தது. முதலில் கம்பு ஆடியது, பிறகு எனக்குக் கை பழகியது. நான் கம்பை நீட்டுவேன், அவன் எட்டிக் குத்துவான், இழுப்பேன், பின்வாங்குவான். இடது கை நீளமாக, அம்பு மாதிரி வர ஆரம்பித்தது. பல மாதம் இப்படியே போயிற்று. தளர்வுகள் வந்து, பஸ்கள் ஓடி, எல்லாரும் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொள்ளும் காலம் வந்தபோதும் நான் கம்பை விடவில்லை. மனைவி மட்டும் துணி காயப்போட மேலே வரும்போதெல்லாம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் கேட்டாள்: "அங்க அடிக்க வாரவனும் கம்போடதான் வருவானா?"

பெண்களுக்கு இந்த விளையாட்டின் நுணுக்கம் புரியாது என்று அவனிடம் சொன்னேன்.

கடைசியில் ஒருவழியாகச் சென்னையில் தேதி குறித்தார்கள். பார்வையாளர் கிடையாது, போனில் மட்டும் பார்க்கலாம். ஆளுக்கு ஒரே ஒரு மூலைக்காரன். மூலைக்காரனுக்கும் கொரோனா பரிசோதனை, அதில் தேறாவிட்டால் சண்டை ரத்து. ஆக, நம் ஆளின் துபாய் என் மூக்குக்குள் இருந்தது. குச்சியை விட்டு எடுத்தார்கள். நெகட்டிவ் என்று வந்தது. பரிசோதனைக் கூடம் சரியில்லையோ என்று எனக்குச் சந்தேகம். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டேன். அவன் என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்துவிட்டான்.

அவன் சண்டை என்றால் ஊரிலிருந்து இரண்டு வேன் ஆட்கள் வருவார்கள். மாதா பெயரைச் சொல்லிப் போடுகிற கூச்சலில் எதிராளிக்குப் பாதிக் காற்று இறங்கிவிடும். அன்று அரங்கில் கைதட்ட நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருமே கேமராக்காரர்கள், கை ஒழிவில்லை. காலணி தரையில் கிரீச்சிடுவதும் ஏசி உறுமுவதும்தான் சத்தம். நான் இரண்டு மாஸ்க், அதற்கு மேல் பிளாஸ்டிக் முகமறைப்பு, கையுறை என்று ஆப்பரேஷனுக்குத் தயாராக நின்றேன்.

எதிராளி புனேக்காரன். ஊரடங்கு முழுக்க மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவனாம். மணி அடித்ததும் நம் ஆள் இடது கையை அழகாக நீட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் நான் கம்பு பிடித்த தூரத்தில் கச்சிதமாகப் போய் நின்றது. புனேக்காரன் அதைத் தாங்கிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து உள்ளே நுழைந்து, மூட்டையைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி இவனைக் கட்டிக்கொண்டு விலாவில் இடித்தான். இவன் கையை என்ன செய்வது என்று தெரியாமல், பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் தோளில் தூங்கிவிட்டால் நிற்போமே, அப்படி நின்றான்.

ஓய்வில் தண்ணீரைப் பீய்ச்சினேன். முகமறைப்பு ஆவி படர்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. வாய் என்று நான் நினைத்த இடம் அவன் கண். இரண்டாவது சுற்றும் அப்படியே போயிற்று. மொத்தம் ஆறு சுற்று. இன்னும் ஒன்று இப்படிப் போனால் எழுந்திருப்பது கஷ்டம்.

இரண்டாவது ஓய்வில் ஸ்டூலில் உட்கார்ந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் வலியே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அண்ணாச்சி, கிட்ட வாரான்."

மாஸ்க்குக்குள்ளிருந்து நான் ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"கிட்ட வந்தா என்ன செய்யணும்னு தெரியல" என்றான். "யாரும் கிட்டவே வரலயே இவ்வளவு நாளும்."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் மாதிரித்தான் சொன்னான்.

முகமறைப்பைக் கழற்றி வாளியில் போட்டேன். இரண்டு மாஸ்க்கையும் தாடைக்கு இழுத்துவிட்டேன். குனிந்து அவனைக் கட்டிப்பிடித்து என் தலையை அவன் நெஞ்சில் முட்டுக்கொடுத்தேன். வேர்வை என் வாய்க்குள்ளேயே போயிற்று.

"இந்தா, நான்தான் அவன். இப்ப என்ன செய்வ?"

"அண்ணாச்சி, மாஸ்க்கு..."

"மாஸ்க்கு கெடக்கட்டும்லே. பின்னால போகாத. தோளைக் கொடு. முழங்கையை ஒடுக்கு. இங்கன, விலாவுல, சின்னதாக் குத்து."

குத்தினான். அவன் அதைச் சின்னது என்றுதான் இன்றைக்கும் சொல்லுகிறான். எனக்குச் சட்டென்று ஒரு பக்கத்து மூச்சு நின்றது. "இன்னொண்ணு" என்றேன், வேறு யாரோ சொல்வதுபோல. அதற்குள் அதிகாரி ஒருவர் மேடைக்குக் கீழிருந்து மாஸ்க், மாஸ்க் என்று கத்தினார். மணி அடித்தது. ஸ்டூலோடு சேர்த்து என்னையும் இறக்கினார்கள்.

மூன்றாவது சுற்றில் புனேக்காரன் கட்டிப்பிடித்தபோது இவன் தோளைக் கொடுத்தான். முழங்கையை ஒடுக்கினான். அங்கிருந்து அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் தலையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, மூச்சை ஒருவர் முகத்தில் ஒருவர் விட்டுக்கொண்டு, அரங்கில் யாருமே இல்லாத அமைதியில் சுற்றுக்குச் சுற்று இடித்துக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் புனேக்காரன்தான் முதலில் ஒரு அடி பின்னே வைத்தான். பின்னே வைத்த கணமே அந்த நீளமான இடது கை போய் இறங்கியது. தூரத்துக்கும் இவன் தயாராகத்தானே இருந்தான்.

மூன்று நடுவர்களில் இரண்டு பேர் இவன் பக்கம் கொடுத்தார்கள். கேமராக்காரர்களில் ஒருவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

ஊர் திரும்பியதும் என் மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தினாள். மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒருத்தனைக் கட்டிப்பிடித்ததைப் போனில் பார்த்துவிட்டாளாம். பாயும் தலையணையும் மாடிக்குப் போயிருந்தன. பதினைந்து நாள் அவனும் நானும் கொட்டகையில் கிடந்தோம். ஒன்றும் வரவில்லை. விலா மட்டும் இருமினால் வலித்தது. இருமினால் வலிக்கிறது என்று சொன்னால் அவள் எங்கே போன் செய்வாள் என்று தெரியும், ஆகவே இருமாமல் இருந்தேன்.

துபாய்க்கு அவனை மட்டும்தான் கூட்டிப்போனார்கள். மூலைக்கு அங்கேயே ஆள் இருக்கிறான், டிக்கெட் மிச்சம் என்றார் நடத்துகிறவர். நானும் மனைவியும் போனைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். எட்டுச் சுற்று. இவன் மூலையில் தடித்த வெள்ளைக்காரன் ஒருவன். மாஸ்க்கே இல்லை. ஓய்வுக்கு ஓய்வு இவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கோடு மூக்கு வைத்து என்னவோ சொன்னான். இவனும் தலையாட்டினான். "ஏலே, இடது கையை ஏத்து" என்று நான் செம்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாயிண்டில் தோற்றான்.

மறுநாள் போன் செய்தான்.

"தோத்துட்டேன் அண்ணாச்சி."

"பாத்தேன்."

"திரும்ப வரச் சொல்லுதாங்க. ரெண்டு மாசத்துல இன்னொரு சண்டையாம். மாமாகிட்ட அந்த வேலைக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டேன்."

தோற்ற பிறகும் திரும்பக் கூப்பிட்டால் அதுதான் இந்தத் தொழிலில் பணி நிரந்தரம். நல்லது என்றேன். பிறகு, சும்மா கேட்கிற மாதிரி, அந்தத் தடியன் மூலையில் அப்படி என்னதான் சொன்னான் என்று கேட்டேன்.

"தெரியல அண்ணாச்சி. எல்லாம் இங்கிலீஷு" என்றான். "ஆனா நல்லாப் பக்கத்துல வந்து சொன்னான்."

அடுத்த தடவை எனக்கும் சேர்த்து விசா கேட்கச் சொன்னேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றான். பரிசோதனை எத்தனை எடுத்தாலும் சம்மதம் என்பதையும் மறக்காமல் சொல்லச் சொன்னேன்.